வளைதலும் வளைத்தலும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. பெற்றோர் பிள்ளைகளிடத்தும், ஆசிரியர் மாணவரிடத்தும், மூத்தோர் இளையோரிடத்தும் இதனை எடுத்தாளுதல் நாள்தோறும் காணும் காட்சி. இளமையிற் கற்க வேண்டியதன் இன்றியமையாமையை உணர்த்துமளவில் இது நன்மொழியே. ஆயின், கற்கும் பருவம் கடந்தோரைக் கைவிடுதற்கும், கற்க இடர்ப்படுவோரை இழித்துரைத்தற்கும் இதனையே கருவியாகக் கொள்வோரும் உளர். அங்ஙனம் கொண்டோருள் யானும் ஒருவனாய் இருந்தேன். அது பிழையென்று எனக்கு உணர்த்தியவர், மூங்கிலைப் பிளந்து பரிசல் முடையும் தொழிலாளர் ஒருவர். பல்லாண்டு இலக்கணம் பயின்றும் யான் அறியாதிருந்த ஓர் உண்மையை, அணைக்கரையில் ஒரு மாலைப்பொழுதில் அவர் கைத்தொழில் எனக்குக் கற்பித்தது. அதனை இளைய தலைமுறையினர்க்கு எடுத்துரைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளைகளுக்கிடையே தொட்டில் போல் அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி என ஊர்கள் நிரல்பட அமைந்த இந்நிலத்தை வளப்படுத்துவது முல்லைப் பெரியாற்று நீர். மேற்கு நோக்கி ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்றை மறித்து, பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1887 முதல் 1895 வரை அணை எழுப்பினர். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்நீர் கிழக்கே திருப்பப்பட்டது. ஓர் ஆற்றையே வளைத்து வாழ்வு பெற்ற நிலம் இது எனலாம். அந்நீர் பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, வருசநாட்டு மலையிலிருந்து வரும் வைகையோடு தேனிக்கு அருகிற் கலக்கிறது. கலந்த நீர், ஆண்டிபட்டிக்கு அருகே 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வைகை அணையில் தேங்கி நிற்கிறது. அந்நீர்ப்பரப்பில் மீன் பிடிப்போர் ஏறிச் செல்லும் கலமே பரிசல்.

பரிசல் வட்டவடிவினது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒருவர் அமர்ந்து வலை வீசும் பரிசல் ஏறத்தாழ 6 அடி அகலம் இருக்கும். இதனைப் பரிசில் என்றும் கூறுவர். புலவர்க்குப் புரவலர் வழங்கிய கொடைக்கும் பரிசில் என்பதே பெயர். நீரைக் கடக்க உதவும் கலமும், வறுமையைக் கடக்க உதவும் கொடையும் ஒரே பெயர் பெற்றமை எண்ணி மகிழத்தக்கது. அம்பி, ஓடம், தோணி, பஃறி, புணை, தெப்பம், நாவாய், வங்கம், திமில் எனக் கலங்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் மிகப் பல. வையையாற்றின் புதுப்புனலில் மக்கள் ஆடி மகிழ்ந்ததைப் பரிபாடல் விரித்துரைக்கிறது. ஆற்றோடு பழகிய மக்களிடையே இத்துணைச் சொற்கள் பிறந்ததில் வியப்பில்லை.

பரிசல் போன்ற வட்டக் கலம் நமக்கு மட்டும் உரியதன்று. கிறித்து பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் எரோடோட்டசு, பாபிலோன் நகர்க்கு வந்த வட்டப் படகுகளைக் குறித்துள்ளார். வளார்களை வளைத்துக் கட்டி, அவற்றின்மேல் தோல் போர்த்த படகுகள் அவை. வணிகர் சரக்கோடு ஒரு கழுதையையும் அதில் ஏற்றி ஆற்றோட்டத்தில் வருவர். சரக்கையும் படகின் சட்டத்தையும் விற்றபின், தோலைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு நிலவழியே திரும்புவர். 1520-ஆம் ஆண்டையொட்டி விசயநகரத்தைக் கண்ட போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயசு, துங்கபத்திரை ஆற்றில் தோல் போர்த்த கூடைப்படகுகள் மக்களை ஏற்றிச் சென்றதையும், அவை நேரே செல்லாமற் சுழன்று சுழன்று சென்றதையும் எழுதியுள்ளார். பிரித்தானியத் தீவின் வேல்சு நாட்டிலும் தனியொருவர் முதுகிற் சுமந்து செல்லத்தக்க சிறு பரிசல்கள் இன்றும் உள்ளன. மொழியாலும் நிலத்தாலும் வேறுபட்ட மக்கள், மெல்லிய சிம்புகளை வளைத்தால் வலிய கலம் கிடைக்கும் என்னும் ஓருண்மையைத் தனித்தனியே கண்டறிந்திருக்கின்றனர்.

இனி, பரிசலுக்கு உறுப்பாகும் மூங்கிலின் இயல்பினைக் காண்போம். மூங்கில் மரமன்று, புல்லினத்தைச் சேர்ந்தது. தொல்காப்பியர் மரபியலில் பயிர்களை இரு கூறாகப் பகுத்தார். வயிரம் வெளியே அமைந்தவை புல் என்றும், வயிரம் உள்ளே அமைந்தவை மரம் என்றும் வகுத்துரைத்தார். புறத்தே வயிரம் உடையதாதலின் மூங்கில் அவர் வகுத்த முறைப்படி புல்லே ஆகும். இக்காலத் தாவரநூலாரும் அதனைப் புல்லினத்திலேயே சேர்க்கின்றனர். ஆயினும் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் மூங்கிலையும் மரம் என்றே கொண்டிருந்தது. அதனால் தம் சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டவும் கொண்டுசெல்லவும் உழவர் இசைவுபெற வேண்டியிருந்தது. வனமல்லாத நிலத்தில் வளரும் மூங்கில் மரமாகாது என்று சட்டம் திருத்தப்பட்டது 2017-ஆம் ஆண்டிலேதான். பயிரின் இயல்பைக் கண்ணால் கண்டு வகுத்த தொல்காப்பியரின் நுண்மையை இதனால் உணரலாம்.

இந்தப் புறவயிரமே பரிசல் தொழிலுக்கு அடிப்படை. மூங்கிலின் நார்கள் புறத்தோலை அடுத்து நெருங்கியும், உட்புறம் செல்லச் செல்ல நெகிழ்ந்தும் அமைந்துள்ளன. ஒரு சிம்பினை வளைக்கும்பொழுது வெளிவளைவில் உள்ள நார்கள் இழுபடும். உள்வளைவில் உள்ளவை அழுந்தும். இழுபடும் பக்கத்தில் வலிய தோலும் அழுந்தும் பக்கத்தில் மென்மையான பகுதியும் இருக்குமாறு வைத்து வளைப்பதே தொழிலறிந்தோர் வழக்கம். அதனை மாற்றிப் பிடித்து வளைத்தால் நார் பிரிந்து சிலாம்பு எழும்.

யான் மேலே குறித்த நிகழ்ச்சிக்கு இப்போது வருகிறேன். 1990-களின் தொடக்கம் அது. தேனி தனி மாவட்டமாகாமல் மதுரை மாவட்டத்தின் பகுதியாயிருந்த காலம். வைகை அணையை அடுத்த ஓர் ஊரின் பள்ளியில் யான் தமிழாசிரியனாய் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தந்தையோடு மீன் பிடிக்கச் சென்றமையால் இடையில் ஈராண்டு படிப்பை விட்டவன்; உடன் பயில்வோரினும் மூத்தவன். பாடத்தைப் படிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாய்க் கூட்டித் தடுமாறுவான். ஒருநாள் யான் பொறுமையிழந்தேன். வகுப்பு முழுதும் கேட்குமாறு அப்பழமொழியை அவனை நோக்கிச் சொன்னேன். மாணவர் சிரித்தனர். அவன் நூலை மூடி வைத்துவிட்டுத் தலைகவிழ்ந்து நின்றான். மறுநாள் அவன் வரவில்லை; அதன்பின்னும் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவனைத் தேடி அணைக்கரைக்குச் சென்றேன். அவன் தந்தை புங்கமரத்து நிழலில் பரிசல் முடைந்துகொண்டிருந்தார். "வாருங்கள் ஐயா, பையன் வலை எடுக்கப் போயிருக்கிறான், பொழுது சாய வந்துவிடுவான்" என்று சொல்லித் தம் துண்டை விரித்து என்னை அமரச் செய்தார். வேறு செயலின்றி அவர் தொழிலைப் பார்த்திருந்தேன். அருகே ஆழமில்லாத நீரில் மூங்கிற் சிம்புகள் பல, கல்லேற்றி அமிழ்த்தப்பட்டுக் கிடந்தன.

"இவை முற்றி உலர்ந்த மூங்கிலாயிற்றே, வளையுமா?" என்று கேட்டேன்.

"பச்சையாய் இருக்கும்போது எதுவும் வளையும் ஐயா. காய்ந்ததை வளைப்பதற்குத்தான் ஆள் வேண்டும்" என்றார் அவர்.

"முறிந்துவிட்டால்?"

"முறிந்தால் மூங்கிலைக் குற்றம் சொல்லக்கூடாது. ஊற வைத்தது போதாமல் இருக்கும். அனல் காட்டியது போதாமல் இருக்கும். இல்லாவிட்டால் என் கை அவசரப்பட்டிருக்கும்."

வகுப்பில் நேர்ந்ததை மகன் அவரிடம் சொல்லியிருந்தானோ இல்லையோ, அறியேன். ஆயின் அவர் சொல்லிய ஒவ்வொரு சொல்லும் என் நெஞ்சில் தைத்தது.

அன்று அவர் செய்த வேலையை முறையாகக் கூறுவேன். ஊறிய சிம்பினை நீரிலிருந்து எடுத்தார். அதன் கனம் ஓரிடத்தில் மிகுந்திருப்பதை விரலாலேயே தடவி அறிந்து, கத்தியால் அவ்விடத்தைச் சீவினார். கனம் பாதியாகக் குறைந்தால் வளைப்பதற்கு வேண்டும் விசை எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது இயற்பியல் கூறும் கணக்கு. அக்கணக்கை அவர் ஏட்டிற் கண்டதில்லை. அவர் விரல் அறிந்திருந்தது. பின்னர்த் தணலின்மேல் சிம்பினை முன்னும் பின்னுமாக நகர்த்தி அனல் காட்டினார். ஓரிடத்திலேயே நிறுத்தினால் கரிந்துவிடும். நகர்த்திக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கும் நீர் சூடேறி நார் முழுதும் இளகும். நார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருள் ஈரத்தோடு கூடிய வெப்பத்தால் நெகிழ்வதே இதன் காரணம். மேலைநாட்டுப் படகு கட்டுவோரும் மரப்பலகையை ஆவியில் வைத்தே வளைக்கின்றனர். ஓர் அங்குலக் கனத்திற்கு ஒரு மணி நேரம் என்பது அவர்கள் கைக்கொள்ளும் அளவு.

இளகிய சிம்பினை அவர் முழங்காலில் அணைத்து வளைத்தார். வேண்டிய வளைவினும் சிறிது மிகுதியாகவே வளைத்தார். விட்டவுடன் அது சற்றே நிமிரும் ஆதலின், நிமிர்வதற்கும் இடம் வைத்து வளைக்க வேண்டும் என்றார். நடுவே கல்லேற்றி நிறுத்திய அடிப்பின்னலிலிருந்து சிம்புகளின் முனைகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கி, விளிம்பு வளையத்தோடு சேர்த்துக் கட்டினார். அங்கேதான் தொழிலின் அருமை விளங்கியது. தட்டையான சிம்பு தன் அகன்ற முகத்தின்மேல் எளிதில் வளையும், விளிம்பின்மேல் வளையாது. பரிசலின் பக்கமோ மேல்நோக்கியும் சுற்றியும் ஒருங்கே வளைவது. அவ்விடத்தில் சிம்பினை விளிம்பின்மேல் அழுத்தினால் முறியும். அதனால் அவர் அதனைச் சிறிதே முறுக்கினார். முறுக்கிய சிம்பு தன் அகன்ற முகத்தைத் தானே வளைவின் பக்கம் திருப்பிக்கொண்டு, முறியாமற் படிந்தது. அந்த முறுக்கினையும் அவர் ஓரிடத்தில் செலுத்தவில்லை. கணுவினை அடுத்துக் கையை வைக்காமல், நீளம் முழுதும் பரவுமாறு சிறிது சிறிதாகச் செலுத்தினார். முறுக்கு ஓரிடத்தில் குவிந்தால் அவ்விடத்தில் நார் கிழியும்; பரவினால் எவ்விடத்திலும் துன்பமில்லை.

மரநாரின் இவ்வியல்பை அறிந்து பெருந்தொழில் கண்டவரும் உளர். மைக்கேல் தோனெத்து என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் ஆசுத்திரிய நாட்டில் மரக்கழிகளை வளைத்து நாற்காலிகள் செய்தார். ஆவியில் இளகிய மரம் அழுந்திச் சுருங்குவதைத் தாங்கும், இழுபட்டு நீள்வதைத் தாங்காது. ஆதலின், ஆவியில் இளகிய கழியின் வெளிப்புறத்தில் இரும்புத் தகட்டினைப் பிணைத்து, நார் இழுபடாமற் காத்து வளைத்தார். 1859-ஆம் ஆண்டில் அவர் அமைத்த நாற்காலி உலகெங்கும் பரவியது. இழுபடும் பக்கத்திற்கு முதலில் காவல் செய்தபின்னரே வளைக்க வேண்டும் என்பது அவர் தொழிலின் மறைபொருள். கற்பிப்போர்க்கும் அது பொருந்தும்.

பொழுது சாயும் வேளையில் மகன் கரை சேர்ந்தான். என்னைக் கண்டதும் கைகூப்பினான். "நான் சொன்னது தவறு, நாளை பள்ளிக்கு வா" என்றேன். "சரிங்க ஐயா" என்றான். ஆயினும் அவன் வரவில்லை. மூங்கில் முறிந்தால் வேறொரு மூங்கில் உண்டு. ஒரு சொல்லால் யான் முறித்ததற்கு மாற்று ஏது?

வந்தவர் வேறொருவர். அக்காலத்தில் எழுத்தறிவு பெறாத முதியோர்க்குக் கல்வி புகட்டும் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டில் பரவியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். எங்கள் ஊரில் நடந்த இரவு வகுப்பிற்கு அம்மாணவனின் தந்தை வந்து அமர்ந்தார். அவர்க்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. காய்ப்பேறிய விரல்களால் எழுதுகோலைப் பற்ற இயலாமல் முதலில் வருந்தினார். யான் அவசரப்படவில்லை. ஆறு திங்களில் தம் பெயரையும் ஊரையும் எழுதினார். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்தார். ஓராண்டின் முடிவில் நாளிதழின் தலைப்புகளைப் படித்துக் காட்டினார். ஐம்பதில் வளையாது என்று மகனுக்குச் சொன்ன ஆசிரியன், ஐம்பதில் வளைந்ததைத் தந்தையிடம் கண்டேன்.

இளமையில் வளைப்பது எளிதன்றோ, பழமொழியில் பிழை என்ன என்று சிலர் வினவலாம். எளிது என்பது உண்மையே. ஆயின் எளிதாய் வளைந்த பச்சை மூங்கில் உலரும்பொழுது சுருங்கும், கட்டுத் தளரும். முற்றியதை வளைக்க முயற்சி மிகுதியாக வேண்டும். முயற்சி மிகுதியாக வேண்டும் என்பதும், முடியாது என்பதும் வெவ்வேறு. முன்னதைப் பின்னதாக மாற்றிச் சொல்வது, வளைப்பவன் தன் சோம்பலை மூங்கிலின் மேல் ஏற்றுவதாகும்.

வளைதல் அடிமைத்தனம் அன்றோ என்று ஐயுறுவாரும் உளர். தமிழில் வணக்கம் என்னும் சொல் வணங்குதல், அஃதாவது வளைதல் என்னும் பொருளினின்று பிறந்தது. வில்லும் வணங்குகிறது; பரிசலின் சிம்பும் வணங்குகிறது. வில்லின் வணக்கம் தீங்கு குறித்தது என்று வள்ளுவர் எச்சரித்தார். சிம்பின் வணக்கமோ பிறரைத் தாங்குதற்கு அமைந்தது. அச்சிம்பு தன் நிமிரும் இயல்பை இழப்பதுமில்லை. ஒவ்வொரு சிம்பும் நிமிர முயன்று தன் அயலிலுள்ளதை அழுத்துவதாலேயே பரிசல் இறுகி நிற்கிறது. தன்மானம் கெடாமல் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் மக்கட் கூட்டத்திற்கு இதனினும் சிறந்த உவமை காண்டல் அரிது. நல்ல கல்வி மாணவனின் இயல்பை அழிக்காது. அதற்கு ஓர் இடமும் பயனும் அமைத்துக் கொடுக்கும்.

இக்கைத்தொழில் இன்று தேய்ந்து வருகிறது. முற்காலத்தில் தோல் போர்த்த பரிசல், பின்னர்த் தார் பூசிய சாக்கும் பிளாத்திக்கு விரிப்பும் போர்த்தது. இப்பொழுது கண்ணாடியிழையால் வார்த்த பரிசல்கள் வந்துள்ளன. அவை நீடித்து உழைக்கும். மீனவர் அவற்றை விரும்புவதில் தவறில்லை. மலைக்காட்டு மூங்கிலை முன்போல் வெட்டிக் கொணர்தலும் இயலாது. மேகமலைப் பகுதி 2021-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. காடு காக்கப்படுவது நாட்டுக்கு நலமே. ஆயின் தொழில் மறையும்பொழுது தொழிலோடு கூடிய அறிவும் மறைகிறது. சிம்பு, கணு, சிலாம்பு என்னும் சொற்களும், எந்த மூங்கிலை எந்தப் பருவத்தில் வெட்டுவது என்னும் தேர்ச்சியும் எழுதா நூல்கள். அவற்றைக் கற்றவர் மறைந்தால் படியெடுக்க ஏடு இல்லை.

ஆதலின் மூன்று செயல்களை யான் வேண்டுகிறேன். உழவர் தம் வயல் வரப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மூங்கில் வளர்த்தல் வேண்டும். அதற்கு இன்று சட்டத்தின் தடையில்லை. பள்ளிகள் ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஊர்த் தொழிலாளரை வகுப்பிற்கு அழைத்து, ஆசிரியரின் இருக்கையில் அமர்த்திக் கற்பிக்கச் செய்தல் வேண்டும். கைத்தொழிலை நடுவாக வைத்துக் கல்வி அமைய வேண்டும் என்று காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் வற்புறுத்தியதன் பொருள் இதுவே. மூன்றாவது, ஆசிரியரைப் பற்றியது. "உனக்கு வராது" என்னும் சொல்லை எந்த மாணவனிடத்தும் சொல்லுதல் ஆகாது. சொல்ல நா எழும்பொழுது, ஊற வைத்தது போதுமா, அனல் காட்டியது போதுமா, என் கை அவசரப்பட்டதா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும்.

இளைஞர்களே! உங்களுள் சிலர் விரைவில் கற்பீர். சிலர் மெல்லக் கற்பீர். மெல்லக் கற்போரைக் கண்டு சிரியாதீர். அன்று என் வகுப்பில் எழுந்த சிரிப்பொலி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. அதனை எழுப்பியவன் யானே. வைகை அணையின் நீர்ப்பரப்பில் மாலையில் திரும்பும் பரிசல்களை என்றேனும் காண்பீராயின், அவற்றுள் ஒவ்வொரு சிம்பும் பொறுமையுடைய ஒரு கையால் வளைக்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அத்தகைய பொறுமையைப் பிறர்பால் காட்டக் கற்பதே கற்ற கல்விக்கு அழகு.